கீஹோல் ஹிப் ஆபரேஷன் பண்ணியும் மூட்டு தேஞ்சுபோச்சா? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் டாக்டர் கிடையாது, வில்லிவாக்கத்துல இருக்குற சாதாரண ஆபீஸ் ஆளு. 2017ல, 41 வயசுல, வலது ஹிப்ல கீஹோல் பண்ணிக்கிட்டேன், அதாவது சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன். ரெண்டு வருஷம் ஓஹோன்னு இருந்துச்சு. 2020 லாக்டவுன்ல வலி திரும்பி வந்துச்சு, 2021 எக்ஸ்ரேல மூட்டு எலும்புங்களுக்கு நடுவுல இருக்க வேண்டிய கேப்பே காணோம், 2023ல மூட்டையே மாத்திட்டாங்க. இந்தக் கதை தெரிஞ்ச சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, பிசியோ சென்டர்ல பக்கத்து பெட்ல காலத் தூக்கிட்டு படுத்திருந்தவங்கன்னு ஆளாளுக்கு போன் பண்ணி கேக்குறாங்க, எல்லாருக்கும் அரை மணி நேரம் அதையே பேசி எனக்கும் அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். உங்க காலப் பாத்து முடிவு சொல்ல வேண்டியது உங்க ஆர்த்தோ டாக்டர்தான், இத வெச்சு நீங்களா எதையும் முடிவு பண்ணிடாதீங்க.

எனக்கு இடுப்பு வலிதாங்க. அதுதான் ஹிப் பிரச்சனையா?

நம்ம ஊர்ல பாதிப் பேர் ஏமாறுறதே இந்த ஒரு வார்த்தைலதான். நாம இடுப்புன்னா பெல்ட் கட்டுற இடத்த சொல்வோம், முதுகுக்குக் கீழ பின்பக்கத்தையும் இடுப்புன்னுதான் சொல்வோம், குழந்தையத் தூக்கி வெச்சுக்குற இடமும் இடுப்புதான். ஆனா ஹிப் ஜாயின்ட் இருக்குறது அதுக்கெல்லாம் கீழ, தொடை உடம்போட சேர்ற கவட்டைல, நல்லா உள்ள தள்ளி. ஸ்கூல்ல பந்துக்கிண்ண மூட்டுன்னு படம் வரைஞ்சோமே, அதேதான். தொடை எலும்போட தலை பந்து, இடுப்பு எலும்புல இருக்குற குழி கிண்ணம், கிண்ணத்து விளிம்புல வாஷர் மாதிரி சுத்தி இருக்குறது லேப்ரம், பந்து மேலயும் கிண்ணத்துக்குள்ளயும் வழவழன்னு ஒரு பூச்சு, அது குருத்தெலும்பு.

இந்த மூட்டு கெட்டா பெரும்பாலும் கவட்டைலதான் வலிக்கும், சிலருக்கு பின்பக்கம், சிலருக்கு தொடை முன்னாடி, சிலருக்கு முழங்கால்ல மட்டும். நான் போய் "இடுப்பு வலி"ன்னு சொன்னதுக்கு முதல் டாக்டர் முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிட்டார், அதுல கீழ் முதுகுல எல் ஃபோர் எல் ஃபைவ்னு சொல்ற எலும்புங்களுக்கு நடுவுல ஏதோ லேசா பிதுங்கி இருக்குன்னு வந்துச்சு, நாப்பது வயசுல யாருக்குத்தான் அது இருக்காது, அதுக்கு பெல்ட் போட்டு ஆறு மாசம் வீணாப்போச்சு. அதனால டாக்டர்கிட்ட போனா வார்த்தைய நம்பாம வலிக்குற இடத்துல விரல வெச்சுக் காட்டுங்க.

கீஹோல்ல என்னதான் பண்றாங்க?

மயக்கம் குடுத்து, ஒரு ஸ்பெஷல் டேபிள்ல படுக்க வெச்சு, கால இழுத்துக் கட்டி, பந்தையும் கிண்ணத்தையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பிரிப்பாங்க. அப்புறம் ரெண்டு மூணு சின்ன ஓட்டை, ஒண்ணுல கேமரா, மத்ததுல சாமான். கிழிஞ்ச லேப்ரத்தத் தைப்பாங்க, எலும்புல மேடு இருந்தா சீவி விடுவாங்க, பிஞ்சு தொங்குற குருத்தெலும்ப சுத்தம் பண்ணுவாங்க. கால இழுத்துக் கட்டுறதால கொஞ்ச நாளைக்கு அந்தரங்கப் பகுதிலயோ தொடை வெளிப்பக்கத்துலயோ மரத்துப்போகும், முக்கால்வாசிப் பேருக்கு தானா சரியாயிடும். இதக்கூட எனக்கு யாரும் முன்னாடி சொல்லல, பாத்ரூம்ல நின்னு பயந்துபோயிட்டேன்.

புதுசா வந்த வித்தைன்னு நினைச்சுடாதீங்க. 1931லயே நியூயார்க்ல மைக்கேல் பர்மன்னு ஒருத்தர் இறந்தவங்க உடம்புல ஹிப்புக்குள்ள கருவிய விட்டுப் பாத்திருக்கார். ஆனா இது சூடு பிடிச்சது 2003க்கு அப்புறம். சுவிட்சர்லாந்து பெர்ன்ல ரெய்ன்ஹோல்ட் கான்ஸ்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும், எலும்புல இருக்குற சின்ன மேடு இடிச்சு இடிச்சுத்தான் நிறைய பேருக்கு பின்னாடி ஹிப் தேய்மானம் வருதுன்னு எழுதினாங்க. பந்துப் பக்கம் மேடு இருந்தா கேம், கிண்ணத்து விளிம்பு அதிகமா மூடியிருந்தா பின்சர். இடிக்குறத எடுத்துட்டா தேய்மானமே வராதேன்னு உலகம் முழுக்க சீவ ஆரம்பிச்சுட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சீவினா தேய்மானம் வராதுன்னு இன்னிக்கு வரைக்கும் நிரூபணம் கிடையாது. வலி குறையும், அதுக்கு ஆதாரம் இருக்கு. எதிர்காலத்துல மூட்ட காப்பாத்தும்ங்குறது வெறும் நம்பிக்கைதான்.

எனக்கு எப்படி அந்த மேடு வந்துச்சு? அடிபட்டதே இல்லையே?

அடிபட வேண்டியதில்ல. வளர்ற வயசுல, எலும்பு இன்னும் மூடாத டைம்ல, தினமும் கடுமையா விளையாடுற பசங்களுக்கு அந்த மேடு வளர்றது அதிகம்னு சொல்றாங்க. நான் பன்னண்டு வயசுலருந்து விக்கெட் கீப்பர், டென்னிஸ் பால் மேட்ச்தான், ஆனா சனி ஞாயிறு காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் குந்தி உக்காந்து எழுந்துன்னு இருபத்தஞ்சு வருஷம். காரணம் அதுதானான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, விளையாடாதவங்களுக்கும் மேடு இருக்கு, மேடு இருந்தும் ஆயுசுக்கும் வலியே இல்லாதவங்களும் இருக்காங்க.

ஆபரேஷனாலதான் எனக்கு தேய்மானம் வந்துச்சா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். 2021ல எனக்கும் இதே சந்தேகம், கோவம் வேற. சும்மா இருந்த மூட்டுல ஓட்டை போட்டு கெடுத்துட்டாங்கன்னு வீட்ல எல்லார்கிட்டயும் புலம்பிட்டு இருந்தேன். அப்ப ரெண்டாவதா பாத்த டாக்டர், "2017ல ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரே இருக்கா, ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா"ன்னு கேட்டார். வீட்டுக்கு வந்து பீரோ மேல பட்டுப்புடவை பெட்டிக்கு அடிலருந்து அந்தப் பெரிய காக்கி கவர எடுத்தேன், மேல தூசி, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்துச்சு. உள்ள டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் பின்னாடி பின் அடிச்சு ஒரே ஒரு பக்கம் ஆபரேஷன் நோட்ஸ். நாலு வருஷமா வீட்டுலயே இருந்த பேப்பர், நான் ஒரு தடவகூடப் படிக்கல, பில்ல மட்டும்தான் பாத்திருக்கேன்.

அதுல நடுவுல ஒரு வரி: கிண்ணத்தோட முன் மேல் ஓரத்துல ஒன்றரை சென்டிமீட்டருக்கு குருத்தெலும்பு கிரேடு 4. என் பிசியோ பொண்ணுகிட்ட போட்டோ எடுத்து அனுப்பி அப்படின்னா என்னன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் போன் பண்ணி, "சார், கிரேடு 4ன்னா அந்த இடத்துல குருத்தெலும்பே இல்ல, எலும்பு தெரியுதுன்னு அர்த்தம், இத உங்களுக்கு அப்பவே சொல்லலயா"ன்னு கேட்டுச்சு. மறுநாள் டாக்டர் பழைய எக்ஸ்ரேவ லைட் பாக்ஸ்ல மாட்டி ஸ்கேல வெச்சு காட்டினார். நல்ல ஹிப்ல பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல மூணுலருந்து அஞ்சு மி.மீ. வரைக்கும் கேப் தெரியணுமாம், அது குருத்தெலும்பு இருக்குற இடம். எனக்கு 2017லயே ரெண்டு மி.மீ. முழுசா இல்ல.

ஆக, ஓட்டை போடுறதுக்கு முன்னாடியே என் மூட்டு தேஞ்சிருந்துச்சு. கேப் ரெண்டு மி.மீ.க்கு கீழ போயிட்டா, இல்ல எக்ஸ்ரேல தேய்மானத்துக்கு மார்க் போடுற டோனிஸ்னு ஒரு கணக்கு இருக்கு, பூஜ்யத்துலருந்து மூணு வரைக்கும், அது ரெண்டு இல்ல அதுக்கு மேலன்னா கீஹோல் பண்ணி பெருசா பிரயோஜனம் இல்ல, கொஞ்ச வருஷத்துலயே மூட்டு மாத்துற நிலைமைக்கு வந்துடும்னு இந்தத் துறைல ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். வயசு நாப்பதத் தாண்டினா அந்த ரிஸ்க் இன்னும் கூடும். என் கோவம் இப்பவும் இருக்கு, ஆனா ஓட்டை மேல இல்ல. "சின்ன ஓட்டைதான் சார், மூணு மாசத்துல கிரவுண்ட்ல நிப்பீங்க"ன்னு சொன்னவங்க, அந்த ரெண்டு மி.மீ. விஷயத்த ஆபரேஷனுக்கு முன்னாடியும் சொல்லல, பின்னாடியும் சொல்லல. அதுதான் கோவம்.

குருத்தெலும்புல ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால தேயும்போது வலிக்காது, தேஞ்சா திரும்ப வளராது. கேம் இடிக்குறவங்களுக்கு அது ஓரத்துலருந்து எலும்ப விட்டு உப்பி எழும்பும், மழைக்காலத்துல ஓதம் ஏறின சுவத்துல பெயின்ட் உப்பி நிக்குமே அந்த மாதிரி. வெளிலருந்து பாத்தா முழுசா இருக்கும், தட்டினா பொலபொலன்னு உதிரும். எம்.ஆர்.ஐ.லகூட சில சமயம் இது சரியாத் தெரியாம கேமரா உள்ள போனப்புறம்தான் தெரியும், அந்த நியாயத்தையும் சொல்லிடணும்.

அப்ப டாக்டர் தப்பு பண்ண வாய்ப்பே இல்லையா?

இருக்கு. ரெண்டாவது தடவ கீஹோல் பண்ண வேண்டி வர்றதுக்கு முக்கியமான காரணமே, முதல் தடவ மேட்ட சரியா சீவாம மிச்சம் விட்டதுதான். அதுக்கு நேர்மாறா ஜாஸ்தி சீவினா தொடை எலும்போட கழுத்து பலவீனமாயிடும், முப்பது சதவீதத்துக்கு மேல சீவக்கூடாதுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, தாண்டினா எலும்பு முறியுற பயம். இன்னொண்ணு, சிலருக்கு பிறவிலயே கிண்ணம் ஆழமில்லாம தட்டு மாதிரி இருக்கும். அவங்களுக்கு போய் விளிம்பையும் சீவி, உள்ள போறதுக்காக வெட்டின, மூட்ட சுத்தி இருக்குற பையையும் தைக்காம விட்டா பந்து ஆட்டம் குடுக்கும், ஆட ஆட தேயும். லேப்ரத்த தைக்காம வெட்டி எடுத்தாலும் பலன் கம்மி. கருவி உரசி குருத்தெலும்பு கீறுறதும் உண்டு. கிருமித் தொற்று, பந்துக்குப் போற ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப்போறது, இதெல்லாம் ரொம்ப அபூர்வம், ஆனா நடந்தா வேகமா கெட்டுடும்.

இதுல உங்களுக்கு எது நடந்துச்சுன்னு நானோ உங்க மச்சானோ சொல்ல முடியாது. முன்னாடி எடுத்த எக்ஸ்ரே, ஆபரேஷன் நோட்ஸ், பின்னாடி எடுத்த எக்ஸ்ரே, மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வேற ஒரு டாக்டர் பாத்தாத்தான் தெரியும்.

அந்த நோட்ஸ் என்கிட்ட இல்லையே, ஆஸ்பத்திரில கேட்டா அலைய விடுறாங்க?

எழுதிக் குடுத்துக் கேளுங்க, வாயால கேக்காதீங்க. 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்ட் குடுக்கணும். அதே விதில உள்நோயாளி ரெக்கார்ட சிகிச்சை ஆரம்பிச்ச தேதிலருந்து மூணு வருஷம் வெச்சிருந்தா போதும்னும் இருக்கு, அதனால மூணு வருஷம் முடியுறதுக்குள்ள வாங்கிடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் பத்தாது, "ஆபரேஷன் நோட்ஸ்"னு தெளிவா கேளுங்க, உள்ள எடுத்த கேமரா படம் இருந்தா சிடில கேளுங்க. எக்ஸ்ரே பிலிம நம்ம ஊர் புழுக்கத்துல பீரோ மேல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வெளிச்சத்துல வெச்சு போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க.

வலி திரும்ப வந்துடுச்சு. தேய்மானம்தான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஆபரேஷன் ஆகி முதல் ஆறு மாசத்துல வர்ற வலிக்கெல்லாம் பயப்படாதீங்க, தசைநார் வீக்கம், உள்ள தழும்பு ஒட்டிக்குறதுன்னு பல காரணம் இருக்கும். நல்லா இருந்துட்டு அப்புறமா மெதுவா வந்து மெதுவா ஏறினாத்தான் யோசிக்கணும். எனக்கு முதல்ல வலியே இல்ல, கால் நகம் வெட்ட முடியல. அப்புறம் சாக்ஸ் போட பெட்ல சாஞ்சு ஒரு வித்தை காட்ட வேண்டியிருந்துச்சு. காலைல எழுந்ததும் இருவது நிமிஷம் கால் துருப்பிடிச்ச கேட் மாதிரி இருக்கும், நடந்தா இளகிடும், சாயங்காலம் மறுபடி வலிக்கும். கால உள்பக்கம் திருப்புறதுதான் முதல்ல போகும், டாக்டர் படுக்க வெச்சு முட்டிய மடக்கி பாதத்த வெளிப்பக்கம் தள்ளிப் பாப்பார், அங்கயே உயிர் போயிடும். கடைசில நான் நொண்டுறது எனக்கே தெரியல, மூணாவது தெரு பால்காரர்தான் சொன்னார்.

எக்ஸ்ரே போதும், பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. ஆனா ஸ்டீராய்டு எடுத்தவங்க, குடிப்பழக்கம் இருக்குறவங்க, திடீர்னு ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு வலி வந்தவங்க எம்.ஆர்.ஐ. பாத்துடணும், எலும்பு சாகுறது ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. காய்ச்சலோட சேர்ந்து வலி வந்து கால ஊனவே முடியலன்னா இதப் படிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

கீஹோல் பண்ணாமலே இருந்திருக்கலாமோ?

இங்கிலாந்துல 23 ஆஸ்பத்திரில 348 பேர ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு கீஹோல், பாதிப் பேருக்கு நல்ல பிசியோன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2018ல லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் முன்னேற்றம், கீஹோல் பக்கம் கொஞ்சம் கூடுதல். இத சொல்லித்தான் நிறைய இடத்துல ஆபரேஷனுக்கு கூப்பிடுறாங்க. ஆனா அந்த ஆராய்ச்சில கேப் ரெண்டு மி.மீ.க்கு கம்மியா இருந்தவங்கள சேக்கவே இல்ல. என்னை மாதிரி ஆள அவங்க வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. குருத்தெலும்பு நல்லா இருக்குற 25 வயசுப் பையனுக்கு, பிசியோ செஞ்சும் சரியாகலன்னா, கீஹோல் நல்ல ஆபரேஷன்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

மறுபடி ஒரு கீஹோல் பண்ணி தேய்மானத்த சுத்தம் பண்ணலாமா?

மேடு மிச்சமிருந்து, கேப் நல்லா இருந்தா யோசிக்கலாம். கேப் போயிட்டா வேணாம். தேஞ்ச மூட்ட கழுவி விடுறதால ஒண்ணும் வளராது.

ஊசி? ஜெல்? நம்ம ரத்தத்துலருந்தே பிரிச்சுப் போடுற பிஆர்பி? ஸ்டெம்செல்? அண்ணா நகர்ல ஒரு இடத்துல கேரண்டின்னு சொல்றாங்களே?

கேரண்டி குடுக்க இது என்ன மிக்ஸியா? 2019ல அமெரிக்க மூட்டு வைத்திய சங்கம் ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல ஹிப்புக்கு ஜெல் ஊசி, பிஆர்பி, ஸ்டெம்செல், குளுக்கோசமைன் மாத்திரை நாலையும் வேணாம்னு அழுத்தமாவே சொல்லிட்டாங்க. குளுக்கோசமைன நெதர்லாந்துல ஹிப் தேய்மானம் இருக்குற 222 பேருக்கு ரெண்டு வருஷம் குடுத்துப் பாத்தாங்க, மருந்தே இல்லாத சும்மா மாத்திரைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. நான் ஒன்றரை வருஷம் முழுங்கினேன், அந்தக் காசுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

ஸ்டீராய்டு ஊசி, ஸ்கேன் பாத்து மூட்டுக்குள்ள போட்டா கொஞ்ச வாரத்துக்கு நிஜமாவே வலி குறையும், தங்கச்சி கல்யாணம் வருது நிக்கணும்னா உதவும். ஆனா ஊசி போட்டு மூணு மாசத்துக்குள்ள மூட்டு மாத்தினா கிருமித் தொற்று ரிஸ்க் கூடுது, அதனால ஆபரேஷன் தேதி மனசுல இருந்தா ஊசிக்கு முன்னாடி சொல்லிடுங்க.

வலி மாத்திரை தினமும் போடலாமா? முடக்கத்தான், எண்ணெய் மசாஜ்?

மெடிக்கல்ஸ்ல போய் "ஒரு வலி மாத்திரை குடுங்க"ன்னு மாசக்கணக்கா வாங்கி முழுங்குறது நம்ம ஊர் வியாதி. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் வேலை செய்யும், ஆனா வயித்த, கிட்னிய, பிரஷர பாக்காம போடக்கூடாது, சுகர் இருக்குறவங்க ரொம்பவே ஜாக்கிரதை. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்ளோதான்.

முடக்கத்தான் தோசை எங்க அம்மா வாரம் ரெண்டு தடவ ஊத்துவாங்க, சூப்பரா இருக்கும், சாப்பிடுங்க. மூட்டுல கேப் வராது. எண்ணெய் தடவினா தசை இளகும், இதமா இருக்கும், தப்பில்ல, ஆனா யாரும் கால முறுக்கி இழுக்க விடாதீங்க. பேர் இல்லாத பொட்டலத்துல வர்ற "மூலிகைப் பொடி" மட்டும் தொடவே தொடாதீங்க. ரெண்டே நாள்ல வலி பறந்துபோச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அது பந்தையே சாகடிக்கும்.

எக்சர்சைஸ் பண்ணா இன்னும் தேயாதா?

இதச் சொல்லித்தான் எங்க பெரியம்மா என்னைக் கட்டில்லயே உக்கார வெச்சாங்க, மூணு மாசத்துல தொடை சூம்பிப்போச்சு. மூட்ட தாங்குறது பின்பக்க தசையும் பக்கவாட்டு தசையும்தான், அது வீக்கானா நொண்டுவீங்க, நொண்டினா இன்னும் வலிக்கும். மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி இடுப்பத் தூக்குறது, ஒருக்களிச்சு படுத்து மேல் கால தூக்குறது, சீட்ட நல்லா உயரமா வெச்சு சைக்கிள், தண்ணிக்குள்ள நடக்குறது, இதெல்லாம் பிசியோகிட்ட நேர்ல கத்துக்குங்க. செஞ்ச அன்னிக்கு லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைலயும் ஜாஸ்தியா இருந்தா பாதியாக் குறைங்க.

நடைக்கு பீச் மணல் வேணாம், கால் புதைஞ்சு இழுக்கும், சர்வீஸ் ரோட்டுலயோ பார்க்லயோ நடங்க. எங்க ஏரியா பிளாட்பாரத்துல நடந்தா ஹிப்ப விட பல்லு போயிடும், அதனால நான் காலைல அஞ்சரைக்கே ரோட்டுல நடந்துடுவேன்.

பெர்லின்ல செயற்கை மூட்டுக்குள்ளயே சென்சார் வெச்சு அளந்திருக்காங்க, சும்மா நடக்கும்போதே ஹிப் மேல உடம்பு எடையப் போல ரெண்டரை மடங்கு பாரம் விழுது, தடுக்கினா எட்டு மடங்கு வரைக்கும் போகுது. நாலு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிலயும் பத்து கிலோ இறக்கி வெச்ச மாதிரி. குச்சியும் அதே கணக்குதான். வலது ஹிப் கெட்டிருந்தா குச்சி இடது கைல. நிறைய பேர் வலி இருக்குற பக்கமே பிடிச்சுட்டு நடக்குறாங்க, ரோட்ல பாத்தா நிறுத்தி சொல்லலாமான்னு இருக்கும். வயசாயிட்டா மாதிரி தெரியுதேன்னு ஒரு வருஷம் வெக்கப்பட்டு குச்சி வாங்கல, முட்டாள்தனம்.

பைக் ஓட்டலாமா, பஸ்ல எப்படி?

பைக்ல இடது பக்கம் நின்னு வலது கால சுழட்டிப் போடணும், வலது ஹிப் கெட்டவனுக்கு அதுதான் நரகம். கியர் வண்டிய வித்துட்டு நடுவுல கால் வெக்குற ஸ்கூட்டி வாங்கினேன். காரா இருந்தா முதல்ல உக்காந்துட்டு ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்புங்க, சீட் மேல ஒரு வழவழ பிளாஸ்டிக் கவர் போட்டா திரும்புறது ஈஸி. 2019லருந்து கவருக்கு தடைன்னாலும் தி.நகர் ஜவுளிக்கடை கவர் ஒண்ணாவது எல்லார் வீட்லயும் இருக்கும்ல. பஸ்ல படி உயரம், தாழ்தள பஸ் வந்தா அதுக்கே வெயிட் பண்ணுங்க. படில ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது கெட்ட கால் முதல்ல. மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்துல இத வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஏறியிருக்கேன்.

பொண்ணு பரதம் ஆடுது, கவட்டைல வலிக்குதுன்னு சொல்லுது. கீஹோல் பண்ணிடலாமா சார்?

மயிலாப்பூர்லருந்து ஒரு அம்மா கேட்டது. அரைமண்டில கால வெளிப்பக்கம் திருப்பி உக்காரணும், முழுமண்டில இன்னும் ஆழம். டான்ஸ் ஆடுறவங்கள்ல சிலருக்கு கிண்ணம் ஆழமில்லாம இருக்கும், அதனாலதான் கால் அவ்வளவு அழகா திரும்பவே செய்யும். அப்படி இருந்து கீஹோல்ல விளிம்ப சீவிட்டா ஆட்டம் கூடிடும். அதனால முதல்ல எக்ஸ்ரேல கிண்ணத்தோட கோணத்த அளக்க சொல்லுங்க, 25 டிகிரிக்கு கீழன்னா பார்டர், 20க்கு கீழன்னா ஆழமே பத்தலன்னு அர்த்தம். அது தெரியாம யாராவது ஆபரேஷன் தேதி குடுத்தா எழுந்து வந்துடுங்க. நாலு மாசம் பிசியோ, மண்டியோட ஆழத்தக் குறைக்குறது, டீச்சர்கிட்ட பேசுறது, இதெல்லாம் முதல்ல.

கடைசில மூட்டு மாத்தித்தான் ஆகணுமா? எத்தன வருஷம் வரும்?

எக்ஸ்ரே கெட்டிருக்குங்குறதுக்காக மாத்த வேண்டாம். ராத்திரி தூக்கம் போச்சு, மாத்திரை கேக்கல, ரெண்டு தெரு நடக்க முடியல, வேலை கெடுதுன்னா மாத்தலாம். இன்னிக்கு பண்ற மாதிரி முழு ஹிப் மாத்துறது 1962ல இங்கிலாந்துல ஜான் சார்ன்லின்னு ஒரு டாக்டர் கொண்டுவந்தது, அறுவது வருஷத்துக்கு மேல பழகின ஆபரேஷன். 2019ல லான்செட்ல வந்த கணக்குப்படி 25 வருஷம் கழிச்சும் நூத்துக்கு 58 ஹிப் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு 47 வயசுல மாத்தினது, இன்னொரு தடவ திறக்க வேண்டி வரலாம்னு தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டேன். மறுநாளே நடக்க வெச்சுட்டாங்க. பழைய கவட்டை வலி அன்னிக்கே காணோம், அது போனதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, தையல் வலியெல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. முன்னாடி கீஹோல் பண்ணியிருந்தா அதையும் அந்த நோட்ஸையும் சர்ஜன்கிட்ட காட்டிடுங்க. சுகர் இருந்தா ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், 7.5, 8க்குக் கீழ கொண்டுவரச் சொல்வாங்க, சொத்தப் பல் இருந்தா அத முதல்ல பாக்கச் சொல்வாங்க.

டென்னிஸ் ஆண்டி மர்ரே கதைய எல்லாரும் கேப்பாங்க. 2018 ஜனவரில மெல்போர்ன்ல ஹிப் ஆபரேஷன், வலி போகல, 2019 ஜனவரில லண்டன்ல பந்து மேல மெட்டல் தொப்பி போடுற ரீசர்ஃபேசிங், அதே வருஷம் அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல கோப்பை. உண்மைதான். ஆனா அது மெட்டலும் மெட்டலும் உரசுற மூட்டு, பெண்களுக்கும் சின்ன எலும்பு உள்ளவங்களுக்கும் பொதுவா சரிப்படாது, அந்த வகைல ஒரு மாடல 2010ல உலகம் முழுக்க திரும்ப எடுத்திருக்காங்க. மர்ரேக்கு வந்துச்சுன்னு நமக்கும் வேணும்னு கேக்காதீங்க.

அவ்ளோ காசு இல்லங்க?

வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, மூட்டு மாற்றும் அதுல வரும். சென்ட்ரல் எதிர்ல ஜி.எச்.ல ஆர்த்தோ ஓ.பி.க்கு காலைலயே போயிடுங்க, கூட்டம் இருக்கும், ஆனா அங்க தினமும் பாக்குற கேஸ் எண்ணிக்கைக்கு அனுபவம் எங்கயும் கிடையாது. பிரைவேட் பாலிசின்னா மூட்டு மாற்றுக்கு தனியா வெயிட்டிங் பீரியட் போட்டிருப்பாங்க, மூணு வருஷம் வரைக்கும் இருக்கலாம், பாலிசிய எடுத்துப் படிங்க. கீஹோல் பண்ணத மறைச்சு பாலிசி எடுத்தா கிளைம் போயிடும். முழங்கால் மூட்டு சாமானுக்கு 2017ல விலை உச்சவரம்பு வெச்சாங்களே, அத ஹிப் பில்லுக்கு நினைச்சுக்காதீங்க, எஸ்டிமேட்ல இம்ப்ளான்ட் விலைய தனியா எழுதி வாங்குங்க.

கீழ உக்காரலாமா? சம்மணம்?

தேய்மானம் இருக்கும்போது சம்மணம், குந்துறது, இந்தியன் டாய்லெட், தாழ்வான சோஃபா எல்லாமே கடுப்பேத்தும். மாத்தினதுக்கு அப்புறமும் முதல் ரெண்டு மூணு மாசம் கண்டிப்பா கூடாது, பந்து நழுவிடும், அதுக்கப்புறம் உங்க சர்ஜன் எந்த வழியா திறந்தார், என்ன சைஸ் பந்து போட்டார்ங்குறதப் பொறுத்து அவர்தான் சொல்லணும். எங்க வீட்ல வெஸ்டர்ன் இருந்தும் உயரம் பத்தல, மேல வெக்குற ரைசர் ஒண்ணு வாங்கினோம், சுவத்துல ஒரு கம்பி பிடி அடிச்சோம்.

அப்பா தெவசத்துக்குத்தான் தயக்கமா இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் மணைல உக்காரணும், 2021ல பல்லக் கடிச்சுட்டு உக்காந்து எழுந்திருக்க ரெண்டு பேர் தூக்க வேண்டியதாப்போச்சு. போன தடவ அய்யர் வந்ததும் தயங்கித் தயங்கி விஷயத்த சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என் காலப் பாத்தார், அப்புறம் உள்ள பாத்து, "அம்மா, அந்த சமையல்கட்டு ஸ்டூல எடுத்துட்டு வாங்கோ, எனக்கும் ஒண்ணு சேத்து"ன்னார்.